பொன்னம்பலம் வீட்டில் இல்லை

எங்கள் ஆவணக் களஞ்சியத்தில் கடைசித் தள்ளுவண்டியையும் நிறுத்திவிட்டார்கள் என்று கோமதி மேடம் போன மாதம் தொலைபேசியில் சொன்னார். இனிமேல் பழைய பதிவேடுகளைப் பார்க்க யாரும் மேற்கு சிட்னியின் அந்த வாசிப்பறைக்கு வர வேண்டியதில்லை. எல்லாவற்றையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றியாகிவிட்டது. நான் இருபத்துமூன்று வருடம் தள்ளிய வண்டி ஒரு மூலையில் பூந்தொட்டி வைக்கப் பயன்படுகிறதாம். நல்ல விஷயம்தான். அதன் இடது சில்லு ஒருநாளும் நேராக ஓடியதில்லை.

"இங்க இருக்கிற சின்னப்பிள்ளைங்க எல்லாம் அந்தக் கந்தையா கேஸை எழுதச் சொல்லிக் கேக்குதுங்க, அண்ணாச்சி. நீங்க எழுதலன்னா நான் எழுதிருவேன். அப்புறம் உங்க பேரே அதுல வராது," என்றார் அவர். அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தவன் அல்ல. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று இருந்துவிட்டேன். அப்பா இல்லை. என் அண்ணை பரமநாதன் கிரேக்கக் கப்பல் ஒன்றில் ஏறி, இரண்டு வருடம் கழித்து என்னையும் ஏற்றிவிட்டார். அண்ணை நோர்வேயில் இறங்கி அங்கேயே நின்றுகொண்டார். எனக்கு நிற்கத் தெரியாது. ஐந்து துறைமுகங்களில் வேலை பார்த்தேன், இரண்டில் மறியலில், சிறைக்குள், இருந்தேன், கடைசியில் அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தேன். ஷெப்பார்டனில் பேரிக்காய் பிடுங்கினேன். மெல்பேர்னில் கோழித் தொழிற்சாலையில் நின்றேன். அங்கத்தைய குளிரில் விறைத்த இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்காது. பிறகு சிட்னி. வேலை பிடித்துக்கொடுக்கும் முகவர் ஒருவர், "பெட்டி தூக்குவாயா? இரண்டு கிழமைதான்," என்று களஞ்சியத்துக்கு அனுப்பினார். அந்த இரண்டு கிழமை ஓய்வு பெறும்வரை நீண்டது.

வாசிப்பறைக்குப் பொறுப்பாக இருந்தவர்தான் கோமதி மேடம். திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். களஞ்சியத்துக்குள் பேனா கூடாது என்பது சட்டம். மை சிந்தினால் திரும்ப எடுக்க முடியாது. வாசிப்பறையில் அவர் என்னோடு ஆங்கிலம்தான் பேசுவார். பெட்டிகள் அடுக்கிய கிட்டங்கிக் கதவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் தமிழ். கதவில் கால் வைக்கும்போதே வசனம் பாதியில் மொழி மாறும். நான் 'ஓம்' என்றால் 'ஆமா' என்று திருத்துவார். நான் மறுபடி 'ஓம்' என்பேன். இருபத்துமூன்று வருடத்தில், ஒரே ஒரு தடவை தவிர, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

சேர்ந்த முதல் மாதம் ஒரு பெட்டியைத் தவறான தட்டில் வைத்துவிட்டேன். அவர் ஏசவில்லை. கிட்டங்கியின் நீளத்தைக் கையால் காட்டினார். "தப்பான தட்டுல இருக்கிற பெட்டியும் எரிஞ்சு போன பெட்டியும் ஒண்ணுதான் அண்ணாச்சி. போய்த் தேடுங்க." மூன்று நாள் தேடினேன். கண்டெடுத்து வந்தபோது, "நல்லது. இப்ப உங்களுக்கு நம்ம கிட்டங்கி முழுக்கத் தெரியும்," என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி முழுவதும்.

முன்னோரைத் தேடி வருபவர்கள்தான் எங்களிடம் அதிகம். முதல் நாள் எல்லோரும் கணக்கெடுப்புப் படிவத்தைக் கேட்பார்கள். இல்லை என்றதும் முகம் விழும். இந்த நாட்டில் சனத்தொகையை எண்ணி முடித்ததும் வீட்டுப் படிவங்களை அழித்துவிடுவது நெடுங்கால வழக்கம். நியூ சவுத் வேல்ஸில் 1901ஆம் ஆண்டுக்கு மட்டும் ஒரு பாதி அதிர்ஷ்டம் உண்டு. படிவங்கள் போய்விட்டன, ஆனால் வீடு வீடாக நடந்த கணக்கெடுப்பாளர்கள் தங்கள் கையில் வைத்திருந்த புத்தகங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒரு வீட்டுக்கு ஒரு வரி. வீட்டுத் தலைவரின் பெயர், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை. அவ்வளவுதான்.

ஏமாந்து நிற்பவர்களிடம் மேடம் எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "அதை எழுதியே ஆக வேண்டியிருந்தவர் யார்?" பிள்ளை பள்ளிக்கூடம் போனால் தலைமை ஆசிரியர் எழுதியே ஆக வேண்டும். ஆள் செத்தால் பொலிஸ்காரர் எழுத வேண்டும். எழுத வேண்டியிருந்த ஆளைக் கண்டுபிடித்தால் தாளைக் கண்டுபிடிக்கலாம். நான் பார்த்த எல்லாத் துறைமுகத்திலும் இது உண்மை என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றி எழுத வேண்டியிருந்த பொலிஸ்காரர்கள் எல்லோரும் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள்.

இனிக் கந்தையா.

டொரத்தி என்ற எண்பத்தொரு வயதுப் பெண் ஒருநாள் வந்தார். நீலக் கண். கையில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் தாள்கள். கூடவே அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ரொன், தொப்பியைக் கழற்றாமல் நின்றார். அவர்கள் பேசியது ஆங்கிலம். எனக்கு நினைவிருப்பதைத் தமிழில் தருகிறேன்.

கதை இதுதான். டொரத்தியின் பூட்டனார் கந்தையா, இலங்கையிலிருந்து கப்பல் சமையற்காரராக வந்தவர். வடக்கில் கரும்பு வெட்டிவிட்டு, ஓர் ஆற்றங்கரை ஊரில் குதிரை வண்டியில் ஊசி, நூல், துணி விற்றார். எலன் என்ற ஐரிஷ் சலவைக்காரியோடு குடும்பம் நடத்தினார். மூன்று பெண் பிள்ளைகள். எலனுக்குக் கல்லறையில் கல் இருக்கிறது. பக்கத்துக் குழிக்குக் கல் இல்லை. மயானத்துப் பதிவேட்டில் புதைத்த வருடமும் 'இலங்கைக்காரர், எலனின் கணவர்' என்ற குறிப்பும் மட்டும் இருக்கிறது. பெயரை எழுத மறந்துவிட்டார்கள்.

ஈஸ்டருக்குக் குடும்பம் முழுவதும் அந்த ஊரில் கூடப்போகிறது. அதற்கு முன் கல் நட வேண்டும். குடும்பம் சம்மதித்து, ஆதாரமும் காட்டினால்தான் மயானத்தார் பெயர் வெட்ட விடுவார்கள். குடும்பமோ சம்மதிக்கவில்லை. காரணம் அந்த 1901 புத்தகம்.

டொரத்தியிடம் ஆதாரமாக இருந்த ஒரே தாள் தன் பாட்டியின் திருமணச் சான்றிதழ். அதில் தகப்பன் பெயர் கந்தையா. அவருடைய மரணப் பதிவு அகப்படவில்லை. ஆனால் கணக்கெடுப்பாளரின் புத்தகத்தில் அந்த ஊர் முழுக்கத் தேடியும் கந்தையா இல்லை. எலன் குடியிருந்த தெருவில், எலன் குடியிருந்த இடத்தில், வீட்டுத் தலைவர் பொன்னம்பலம் என்று இருந்தது.

"கந்தையா ஓடிப்போயிட்டான். எலன் இன்னொருத்தனைப் பிடிச்சிட்டா. குழியில இருக்கிறது பொன்னம்பலம். நான் பொய்யைக் கல்லில வெட்ட விடமாட்டன்," என்றார் ரொன்.

"என் அம்மா சொன்னதெல்லாம் பொய்யா?" என்றார் டொரத்தி. "தன் அம்மாவுக்கு ஒரே அப்பாதான், தேர்ச் சில்லு மாதிரிக் காது வளையம் போட்டவர், சாகும்வரை அந்த வீட்டிலேயே இருந்தவர் என்று சொன்னாளே."

"உன் அம்மா குதிரைப் பந்தயத்தைப் பற்றியும் நிறையச் சொன்னா."

டொரத்தி சிரித்துவிட்டார். ஆனால் உடனே தாள்களை ஒவ்வொன்றாக டின்னுக்குள் திரும்ப வைத்தார். கல்வெட்டுபவர் மூன்று கிழமைக்குள் பெயர் கேட்டிருந்தார். "அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பொறுக்கலாம் என்கிறார்கள். நான் எந்த ஈஸ்டரை நம்புவது?" என்று என்னிடம் கேட்டார். ஏன் என்னிடம் கேட்டார் என்று தெரியவில்லை. நான் வண்டியோடு சும்மா நின்றவன்.

பொன்னம்பலம் என்ற அந்தப் பெயர் எனக்குள் எதையோ கிளப்பியது. அந்தப் பக்கத்தின் மைக்ரோபிலிம் படச்சுருளை நானும் கருவியில் போட்டுப் பார்த்தேன். பொன்னம்பலம். பெண்கள் நான்கு: எலனும் மூன்று பிள்ளைகளும், சரி. ஆண்கள் என்ற கட்டத்தில் இலக்கத்துக்குப் பதில் ஒரு கறுப்புப் பொட்டு. மை சிந்தியது போல. எல்லோரும் அதை மை என்றே விட்டுவிட்டார்கள்.

கிட்டங்கிக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து மேடத்திடம், "எனக்கு அந்தப் புத்தகத்தைப் பார்க்கோணும்," என்றேன்.

"எந்தப் புத்தகம்?"

"அசல்."

மைக்ரோபிலிம் இருக்கும்போது அசலை எடுக்கக் கூடாது. அது அவரே எழுதிய விதி. பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினார். "காரணம் சொல்லுங்க. 'ஒரு மாதிரி இருக்கு'ன்னு எழுத முடியாது."

"கட்டத்தில இருக்கிறது மையில்லை, மேடம். இலக்கம். ஒன்றுக்கு மேல ஒன்று எழுதியிருக்கு."

"எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்று சொல்ல என் வீட்டுக் கதையை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

நானும் மனைவி மலரும் பென்டில் ஹில்லில் முதல் வீடு எடுத்த வருடம் கணக்கெடுப்பு வந்தது. படிவத்தில் 'முதலாம் நபர்' என்று ஓர் இடம். நான் யோசிக்கவே இல்லை. அண்ணையின் பெயரை எழுதினேன். எங்கள் வீட்டில் எந்தத் தாளிலும் முதல் பெயர் அண்ணையுடையதுதான். கலியாணக் கடிதாசியில் அழைப்பவர் அண்ணை. மகளின் காதுகுத்துக்கும் அண்ணை. அண்ணை அப்போது நோர்வேயில், பேர்கன் நகரத்தில், இரண்டு முழுச் சமுத்திரங்களுக்கு அப்பால். அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. மூத்தவர் இருக்க இளையவன் தன் பெயரை முதலில் எழுதுவானா?

படிவம் வாங்க வந்த பெண் கையில் ஒரு சிறு புத்தகம் வைத்திருந்தார். "வீட்டில் எத்தனை ஆண்கள்?" என்று கேட்டார். "இரண்டு," என்றேன். எழுதிக்கொண்டார்.

குசினிக்குள்ளிருந்து மலர் கத்தினாள்: "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? அத்தான் நோர்வேயிலையெல்லோ இருக்கிறார்! அவருக்கும் சேர்த்தே நான் இரவைக்குப் புட்டு அவிச்சனான்?"

அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அவர் நன்றாகச் சிரித்தார். பிறகு தன் புத்தகத்தில் இரண்டை அழுத்தி அடித்துவிட்டு அதன் மேலேயே ஒன்று என்று எழுதினார். அந்தக் கட்டம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு கறுப்புப் பொட்டு.

கோமதி மேடம் கதையைக் கேட்டு முடித்தார். சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'ஆண்கள் கட்டம் திருத்தப்பட்டிருக்கலாம். படச்சுருளில் தெளிவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகுதான் சிரித்தார். "எங்க வீட்டுல மின்சார பில்லு இன்னிக்கும் செத்துப்போன பெரியப்பா பேருலதான் வருது," என்றார்.

மறுநாள் காலையில் அசலை எடுத்தோம். அவர் வேலை செய்யும் விதத்தை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்ப்பேன். கையைக் கழுவித் துடைத்து, துடைத்த பிறகும் ஒரு நிமிடம் காற்றில் காட்டுவார். கையுறை போடமாட்டார், கையுறை போட்ட விரலுக்குத் தாளின் கனம் தெரியாது, கிழித்துவிடும் என்பார். பஞ்சுத் தாங்கியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, ஓரத்தால் திறக்காமல் நடுவிலிருந்து திறந்து, பக்கத்தைத் தேவையான அளவு மட்டும் நகர்த்துவார். பக்கம் புரளாமலிருக்க ஈயமணி தைத்த துணிக் கயிற்றை அதன் மேல் படுக்க வைப்பார், தூங்குகிற பூனையின் மேல் கை வைப்பது போல. இவ்வளவுக்கும் பிறகுதான் பார்ப்பார். டொரத்தி பிஸ்கட் டின்னை அணைத்தபடி நின்றார். ரொன் தொப்பியைக் கழற்றியிருந்தார். மேடம் தொப்பியை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

படத்தில் கறுப்பாக இருந்தது அசலில் இரண்டு நிறமாக இருந்தது. கீழே கறுப்பு மையில் 2. அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து மேலே 1.

நான் வாசிப்பறையில் வாய்விட்டுச் சிரித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எலன் குசினிக்குள்ள இருந்து கத்தியிருக்கிறா!" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அந்த அறையில் நான் தமிழ் பேசியது அதுதான் முதல் தடவை.

என் படிவக் கதையையும் சொல்லி டொரத்திக்கு விளங்கப்படுத்தினேன். பொன்னம்பலம் கந்தையாவின் அண்ணன். இலங்கையில் இருந்தவர். வாசலில் வந்து 'வீட்டுத் தலைவர் யார்' என்று கேட்டபோது கந்தையா மரியாதையாக அண்ணன் பெயரைச் சொன்னார். இரண்டு ஆண்கள் என்றார். எண்ணுவதற்கு ஆளைக் காட்டச் சொன்னபோது ஓர் ஆண்தான் இருந்தார். எண்ணைத் திருத்தினார்கள், பெயரைத் திருத்தவில்லை.

டொரத்தியின் முகம் மலர்ந்தது. ரொன் தலையை ஆட்டினார். "நல்ல கதை. ஆனா கதைதானே? இந்த ஆள் தன் அண்ணன் பேரை எழுதினதுக்காக எல்லாரும் எழுதுவாங்களா?"

"அவர் சொல்றது சரி," என்றார் மேடம், ஆங்கிலத்தில். எனக்குக் கோபம் வந்தது. கதவைத் தாண்டியதும், "ஏன் மேடம் அவரின்ரை பக்கம் கதைச்சனீங்கள்?" என்றேன்.

"சிவப்புக் கோடு ஆதாரம் இல்ல அண்ணாச்சி. நீங்களும் நானும் நம்புறது ஆதாரம் இல்ல. கந்தையா செத்தப்ப அதை எழுதியே ஆக வேண்டியிருந்தவர் யாரு?"

"அவரிட்டச் சொத்தெண்டு ஒன்றுமில்லை எண்டெல்லோ சொல்லுகினம்."

"குதிரை வண்டி இருந்துச்சே."

நான் நின்றுவிட்டேன். உயில் எழுதாமல் செத்தவரின் பொருளை, அது ஒரு வண்டியாக இருந்தாலும், அரசாங்க அலுவலகம் ஒன்று பொறுப்பெடுக்கும். பொறுப்பெடுத்தால் உறவினர் யார் யார் என்று பொலிஸ்காரர் விசாரித்து எழுதியே ஆக வேண்டும். 'ஒன்றுமில்லாத ஆள்' என்று குடும்பமே சொன்னதால் டொரத்தி அந்தப் பக்கம் தேடவே இல்லை.

அந்த அலுவலகத்தின் கட்டுகளுக்கு அப்போது சரியான அட்டவணை இல்லை. அவர் செத்த வருடம் மட்டும்தான் தெரியும். ஒரு நாளைக்குப் பதினைந்து பெட்டி என்று இறக்கினேன். மடங்காத விரல்களோடு கட்டு நாடா அவிழ்ப்பது சுலபமில்லை. பல்லால் அவிழ்க்க மேடம் விடமாட்டார். அவரே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து அவிழ்த்துத் தந்தார். நான்காம் நாள், அன்றைய பதினோராவது பெட்டியில், மெல்லிய ஒரு கட்டு. மேலே கந்தையா. வண்டி ஒன்று, குதிரை ஒன்று, தராசு ஒன்று.

உள்ளே எலன் பொலிஸ்காரரிடம் சொன்னது இருந்தது, கையெழுத்துக்குப் பதிலாக அவருடைய அடையாளக் கீறலோடு. கணவருக்கு இந்த நாட்டில் உறவினர் யாரும் இல்லை. இலங்கையில் பொன்னம்பலம் என்று ஓர் அண்ணன் உண்டு. அவர் இங்கே ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் என் கணவர் பேசுவதைக் கேட்டால் இந்த வீடே அவருடையது என்று நினைப்பீர்கள். வாசலுக்கு எந்தத் துரை வந்தாலும் அண்ணன் பெயரைத்தான் சொல்வார். நான் எத்தனை தரம் ஏசியும் கேட்கவில்லை.

மேடம் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஓம்," என்றார்.

டொரத்தியும் ரொனும் மறுநாள் வந்தார்கள். டொரத்தியால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. ரொன்தான் உரத்து வாசித்தார். 'நான் எத்தனை தரம் ஏசியும்' என்ற இடத்தில் அவர் குரல் உடைந்து சிரிப்பாக மாறியது. "இது அச்சு அசலாக நம்ம வீட்டுப் பொம்பிளைகளின் குரல்தான்," என்றார். தொப்பியை மேசையில் வைத்துவிட்டு டொரத்தியின் தலையில் ஒரு முத்தம் கொடுத்தார். "எலன் பாட்டி, மன்னிச்சுக்கோ."

"என்னிடமும் கேள்," என்றார் டொரத்தி. கேட்டார்.

ஈஸ்டருக்கு மலரையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குக் கார் ஓட்டினேன். எட்டு மணித்தியாலம். கல்லில் தமிழிலும் பெயர் வேண்டும் என்று டொரத்தி கேட்டிருந்தார். ஏழாம் வகுப்புத் தமிழில் நான் எழுதிக் கொடுத்தேன். "கல்லுல வெட்டுறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டுங்க," என்று மேடம் வாங்கிப் பார்த்து ஒன்றும் திருத்தாமல் தந்தார். எழுபது பேர் கூடியிருந்தார்கள். நீலக் கண், பச்சைக் கண், ஒரு குழந்தைக்கு மட்டும் நல்ல கரிய கண். அந்தக் குழந்தையை ஆள் மாற்றி ஆள் தூக்கி வைத்திருந்தார்கள். துணியை டொரத்தி விலக்கினார். கந்தையா என்று இரண்டு மொழியில். அதன் கீழே 'எலனின் கணவர்'. அதற்கும் கீழே, ரொன் கேட்டு வெட்டுவித்த வரி: 'பொன்னம்பலத்தின் தம்பி'.

"நூறு வருஷமா நம்ம வீட்டுத் தலைவரா இருந்தவர். அவரை விட முடியுமா?" என்றார் ரொன்.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடமாகிவிட்டது. இந்த வருடம் மறுபடி கணக்கெடுப்பு. இப்போது எல்லோரும் கணினியில் நிரப்புகிறார்கள். நான் தாள் படிவம் கேட்டு வாங்கினேன். காரணம் இருந்தது. அண்ணை முதல் தடவையாக எங்களிடம் வந்திருக்கிறார். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிப் போனேன், கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். குளிர் போதாது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காலைச் சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தேன். அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு எட்டிப் பார்த்தார்.

"டேய், வீடு உன்ரை. முதல் என்ரை பேரை ஏன் எழுதுறாய்?"

"நீங்கள் சும்மா இருங்கோ, அண்ணை."

"எழுதட்டும் அத்தான்," என்றாள் மலர், அவருடைய தட்டில் இன்னொரு புட்டை வைத்தபடி. "இந்தமுறை உங்களுக்கும் சேர்த்துத்தான் அவிச்சனான்."

முதலாம் நபர்: பரமநாதன். இரண்டாம் நபரின் இடத்தில் என் பெயரை எழுதினேன். முதலாம் நபருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருந்தது. தம்பி என்று எழுதினேன். வாசலுக்கு யாராவது சிவப்புப் பென்சிலோடு வந்தாலும் பரவாயில்லை. இந்தமுறை முதலாம் நபர் வீட்டில் இருக்கிறார்.